கடைசி பாரா

ஏங்க, அந்தப் பேப்பரைக் கொஞ்சம் குடுக்கறீங்களா? படிச்சு முடிச்சுட்டே குடுங்க, அவசரம் இல்ல. முசிறி போறதுக்கே இன்னும் அரை மணி நேரம் ஆகும். அஞ்சாம் பக்கத்துல கீழ பாருங்க. "ஆய்வில் அதிர்ச்சித் தகவல்"னு ஒண்ணு போட்டிருக்கானா? போட்டிருப்பான். அது இல்லாம இப்ப பேப்பரே வர்றதில்ல. என்ன ஆய்வு? வேப், அதான் மின் சிகரெட், புடிக்கிற பசங்க ஜாஸ்தியாயிட்டாங்களாமா? இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கான் பாருங்க. நாங்க ஆடி மாசமே போட்டாச்சு. நான்தான் போட்டேன்.

என் பேரு தணிகைவேல். திருச்சியில ஒரு காலைப் பேப்பர்ல டெஸ்க்குல இருக்கேன். எந்தப் பேப்பர்னு வேண்டாம், நீங்க கையில வெச்சிருக்கறது அதோட எதிரின்னு மட்டும் தெரிஞ்சுக்குங்க. டெஸ்க்குன்னா, நிருபருங்க ஊரெல்லாம் சுத்தி எழுதிக் கொட்டறத உக்காந்த எடத்துல வெட்டி, திருத்தி, தலைப்புப் போடற வேலை. இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு செய்தியிலகூட என் பேரு வந்தது கிடையாது. ஆனா காலைல டீக்கடையில நாலு பேரு வாயத் தொறந்து பேசறாங்கன்னா, அதுல மூணு பேரு பேசறது நான் முந்தின நாள் சாயங்காலம் யோசிச்சதுதான்.

நீங்க நாமக்கல்தானா? கோழிப்பண்ணையா? அட, அப்ப நமக்கு ஏற்கெனவே பழக்கம்தான். முட்டை தின்னா நெஞ்சுக்கு ஆகாதுன்னு ஒரு செவ்வாக்கிழமை போட்டேன். தினம் ரெண்டு முட்டை தின்னா மூளை நல்லா வேலை செய்யும்னு அந்த வெள்ளிக்கிழமையே போட்டேன். ரெண்டும் ஆய்வுதான். ரெண்டும் அதிர்ச்சித் தகவல்தான். "ஏய்யா, எது நெஜம்?"னு எந்த வாசகனாவது ஒரு கார்டு போட்டுக் கேட்டானா? கேக்க மாட்டான். அவன் செவ்வாக்கிழமை பயப்படுவான், வெள்ளிக்கிழமை முட்டை திம்பான். அவனுக்குன்னு நான் ஏன் மண்டைய ஒடைச்சுக்கணும், சொல்லுங்க.

சிரிக்கறீங்க. அந்த வாரம் முட்டை வெலை எறங்கிச்சா? எறங்கியிருக்காது, சும்மா சொல்லாதீங்க.

இன்னிக்கு எதுக்குப் போறேன்னா, என் பையன் நன்மாறன் நாமக்கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல ப்ளஸ் டூ படிக்கறான். மெயின் ரோட்டு மேலயே இருக்கும், பஸ் வாசல்லயே நிக்கும். அந்தப் பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டென்ட், அதான் முதலாளி, நேத்து அவரே போன் பண்ணினாரு. "தணிகைவேல் சார், நாளைக்கு நீங்க கட்டாயம் நேர்ல வரணும், போன்ல பேசற விஷயம் இல்ல"ன்னாரு. எனக்குப் புரிஞ்சுபோச்சு. அவங்க பள்ளிக்கூடத்துல போதை ஒழிப்பு விழான்னு வருஷா வருஷம் ஒண்ணு நடத்துவாங்க. போன வருஷம் ஒரு இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டாங்க. இந்த வருஷம் என்னைக் கூப்பிடறாங்க. கூப்பிடாம எப்படி இருப்பாங்க? என்னோட செய்திய வெட்டி நோட்டீஸ் போர்டுல கண்ணாடிக்குள்ள ஒட்டி வெச்சிருக்காங்க. அசெம்ப்ளியில மைக்ல படிச்சாங்களாம். "சமுதாயத்தின் கண்ணைத் திறந்தீர்கள்"னு ஆவணி மாசமே எனக்கு லெட்டர் போட்டாரு மனுஷன். இந்த ஃபைல்ல இருக்கு, அப்புறம் காட்டறேன்.

அதான் இந்தப் புது வேட்டி. சால்வை போட்டா, ஷீல்டு குடுத்தா வெக்கறதுக்குன்னு இந்தப் பையையும் எடுத்துட்டு வந்தேன். வெறும் பை.

வீட்டுல சுகந்திதான் காலைலேருந்து ஒரு மாதிரி இருந்தா. என் சம்சாரம். இட்லியக் கொண்டு வந்து வெச்சுட்டு, அப்படியே நிக்கறா. "அங்க போயி கோவப்படாம வாங்க"ங்கறா. மேடையில நான் எதுக்குடி கோவப்படப் போறேன்னேன். "வரும்போது அவனையும் கூட்டிட்டு வந்துருங்க"ன்னா. கண்ணு கலங்கியிருக்கு. புள்ளையப் பாத்து ரெண்டு மாசம் ஆச்சுல்ல, தாய் மனசு. பரீட்சைக்கு நாலு மாசம் இருக்கு, இப்ப யாரு லீவு குடுப்பான்னு சொல்லிட்டுக் கெளம்பினேன்.

சரி, அந்தச் செய்திக் கதைய உங்களுக்குச் சொல்லணும். கேட்டா நீங்களே சொல்லுவீங்க, லேசுப்பட்ட வேலை இல்லன்னு.

ஆடி மாசம். பெனடிக்டான்னு ஒரு டாக்டரம்மா. ஊசி போடற டாக்டர் இல்ல, கணக்கெடுக்கற டாக்டர். திருச்சியில பதினாலு பள்ளிக்கூடம் ஏறி எறங்கி, ஆயிரத்து இருநூறு பசங்ககிட்ட ஃபாரம் குடுத்து, வேப் புடிச்சிருக்கியா, சிகரெட் புடிச்சிருக்கியான்னு எழுதி வாங்கியிருக்கு. பேரு போட வேண்டாம், யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு அந்தப் பசங்களுக்கு வாக்கு வேற குடுத்திருக்கு. ரெண்டு வருஷம் இதே வேலை. ரெண்டு வருஷம், ஆயிரத்து இருநூறு ஃபாரம். நான் ரெண்டு வருஷத்துல ஆயிரத்து நானூறு பக்கம் முடிச்சு அச்சுக்கு அனுப்பியிருப்பேன்.

கடைசியில ஒரு ஓட்டல் ஹாலைப் புடிச்சு, பத்திரிகைக்காரங்களக் கூப்பிட்டு, போண்டா குடுத்து, அறுவது பக்கத்துல ஒரு புத்தகம் குடுத்தது. எங்க ஆபீஸ்லேருந்து தமயந்தின்னு ஒரு பொண்ணு போயிருந்தா. பயிற்சி நிருபர், சேந்து மூணு மாசம். போண்டாவத் தின்னுட்டு வர வேண்டியதுதானே? அந்த அறுவது பக்கத்தையும் படிச்சிருக்கா. படிச்சுட்டு எட்டு பாரா எழுதிட்டு வந்து நிக்கறா. "சார், கடைசி பாரா முக்கியம் சார், அதை மட்டும் எடுத்துடாதீங்க"ங்கறா.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எந்த நிருபரும் தன் கடைசி பாரா முக்கியம்னுதான் சொல்லுவான். முக்கியம்னா அதை ஏன் கடைசியில எழுதறே? டெஸ்க்குல எங்களுக்கு மொதநாள் சொல்லித் தர்ற பாடமே என்ன தெரியுமா? செய்திய வாலப் புடிச்சு வெட்டு, தலையப் புடிச்சு வெட்டாதே. மேல முக்கியமானது, கீழ போகப் போக சொத்தை. விளம்பரம் வந்தா கீழேருந்து வெட்டிக்கிட்டே வர வேண்டியது. உலகம் பூரா அப்படித்தான்.

அன்னிக்கி ஆடித் தள்ளுபடி. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு நகைக்கடை விளம்பரம் வந்து விழுந்துச்சு, கால் பக்கம். எட்டு பாரா அஞ்சு பாராவாச்சு. ஆறாவது, ஏழாவது, எட்டாவது, மூணும் போச்சு. என்ன இருந்துச்சுன்னு நான் பாக்கலை. பாக்கற வேலை இல்ல அது. வெட்டற வேலை.

அப்புறம் தலைப்பு. இது கொஞ்சம் நுணுக்கம், கேளுங்க. பேப்பர்ல எழுத்து பட்டை பட்டையா மேலேருந்து கீழ ஓடுதுல்ல, அதுல மூணு பட்டை அகலம் எனக்குக் குடுத்தது. அந்த அகலத்துக்குள்ள ரெண்டு வரி. அந்தப் பொண்ணு என்ன எழுதியிருந்தா? "மின் சிகரெட்டை முயன்றுபார்த்த மாணவர்களில் மூன்றில் ஒருவர் மீண்டும் பயன்படுத்துகின்றனர்." இது தலைப்பா? இது கூட்ஸ் வண்டி. நம்ம தமிழ்ல இதுதான் கஷ்டம், ஒவ்வொரு வார்த்தையும் ஒரு முழம். "முயன்றுபார்த்த"வ எடுத்தேன். "மீண்டும்"ம எடுத்தேன். டீக்கடைக்குப் போயி ஒண்ணு பத்த வெச்சேன். புகை உள்ள போனாத்தான் எனக்குத் தலைப்பு வெளிய வரும். வந்துச்சு.

"மூன்றில் ஒரு மாணவன் கையில் மின் சிகரெட்."

எப்படி? அளவெடுத்துத் தச்ச மாதிரி உக்காந்துச்சு. இந்தப் பக்கம் ஒரு எழுத்து கூடுதல் இல்ல, அந்தப் பக்கம் ஒரு எழுத்து குறைச்சல் இல்ல. படத்துக்கு எங்க போறது? இன்டர்நெட்ல ஒரு வெள்ளைக்காரப் பையன் புகை விட்டுக்கிட்டு நிக்கறான். தலைமுடியக் கறுப்பாக்கி, மூஞ்சிய மறைச்சுடுய்யான்னு டிசைனர்கிட்ட சொன்னேன். நம்மூருப் பையன் ஆயிட்டான்.

ஓரத்துல ஒரு சின்ன எடம் மிச்சம் இருந்துச்சு. அதுல கட்டம் கட்டி நானே நாலு வரி எழுதினேன். "பள்ளிகள் தயவு காட்டக் கூடாது. முதல் முறை பிடிபட்டாலே டி.சி. கொடுத்து அனுப்ப வேண்டும். ஓர் அழுகிய பழம் கூடையையே கெடுத்துவிடும்." பேரு போடல. கட்டத்துக்குப் பேரு போடறது வழக்கமில்ல. ஆனா அந்தக் கரஸ்பாண்டென்ட் எப்படியோ கண்டுபிடிச்சுட்டாரு. நன்மாறன்தான் சொல்லியிருக்கான், எங்கப்பா எழுதினதுன்னு. புள்ளைக்குப் பெருமை இருக்காதா?

அடுத்த நாள் பாக்கணுமே. டி.வி.க்காரனுங்க எவனாவது அந்த அறுவது பக்கத்தைத் தொட்டிருப்பானா? எங்க பேப்பரைக் கேமரா முன்னாடி விரிச்சு வெச்சுட்டு, நாலு கட்டத்துல நாலு பேரு கத்தறானுங்க. ஒருத்தரு ஜோசியர். சனி பார்வையாலதான் பசங்க புகையத் தேடிப் போறாங்கன்னு அவரு சொல்றாரு. வாட்ஸ்அப்புல சாயங்காலத்துக்குள்ள மூணுல ரெண்டு பேருன்னு ஏறிடுச்சு. எங்க வீட்டு மாடியில குடியிருக்கறவரே எனக்கு அனுப்பறாரு, "பெற்றோர்களே உஷார்"னு. இந்த நாட்டுல படிச்சவன், படிக்காதவன்னு வித்தியாசமே இல்லைங்க. எல்லாம் ஒரே மந்தை.

பள்ளிக்கூடங்கள்ல பையச் சோதனை போட ஆரம்பிச்சாங்க. வேப் எப்படி இருக்கும்னு எந்த வாத்தியாருக்கும் தெரியாது. கலர் கலரா இருக்கும்னு பேப்பர்ல போட்டிருந்தோம். அதனால கலர் பேனாவையெல்லாம் புடுங்கினாங்க. பென் டிரைவப் புடுங்கினாங்க. ஒரு பள்ளிக்கூடத்துல இளைப்புக்கு வாயில அடிச்சுக்கற மருந்தையே புடுங்கிட்டாங்களாம், அந்தப் பொண்ணு மூச்சு வாங்கி உக்காந்துட்டாளாம். கேட்டுட்டு ஆபீஸ்ல சிரிச்சோம். பாவம்தான். ஆனா ஒரு நல்லது நடக்கும்போது ரெண்டு பேருக்குக் கஷ்டம் வரத்தான் செய்யும், என்ன சொல்றீங்க?

முசிறி வந்துருச்சு. பத்து நிமிஷம் நிப்பான். இருங்க, எறங்கி ஒண்ணு இழுத்துட்டு வந்துடறேன். வெள்ளரிப் பிஞ்சு வாங்கிட்டு வரவா?

இந்தாங்க. உப்பு தூக்கலா போட்டுட்டான். என்ன பாக்கறீங்க? சிகரெட் வாடையா? நாங்க புடிக்கறது வேற சார். இது பழக்கம். பசங்க புடிக்கறது ஸ்டைலு. நன்மாறன் சின்னப் பையனா இருக்கும்போது அவன்தான் முக்குக் கடையில எனக்கு வாங்கிட்டு வருவான். மிச்சத்துக்குத் தேன் மிட்டாய் வாங்கிப்பான். ஒரு நாளாவது அதுல ஒண்ணத் தொட்டிருப்பானா? வளத்த வளப்பு அப்படி.

எங்க விட்டேன்? ஆங், டாக்டரம்மா. மூணாம் நாள் ஆபீசுக்கே வந்துடுச்சு. கஞ்சி போட்ட காட்டன் புடவை, கையில அந்த அறுவது பக்கம். எம்.டி. லீவு, எடிட்டர் மீட்டிங்கு, அதனால எங்கிட்டத் தள்ளி விட்டுட்டாங்க. உக்காரச் சொன்னேன், உக்காரல.

"சார், ஆயிரத்து இருநூறு பேர்ல ஒரு தடவையாவது வேப் தொட்டவங்க நாப்பத்தெட்டு பேரு. நூத்துக்கு நாலு. அந்த நாப்பத்தெட்டு பேர்ல திரும்பத் தொட்டவங்க பதினாறு பேரு. அதுதான் மூணுல ஒண்ணு. நீங்க மொத்த மாணவர்கள்லயும் மூணுல ஒருத்தன்னு போட்டுட்டீங்க"ங்குது.

"மேடம், எடம் பத்தல"ன்னேன். உண்மையத்தானே சொன்னேன்? அதுக்கு அந்தம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே. நான் ஏதோ அவங்க வீட்டுச் சொத்தத் திருடிட்ட மாதிரி.

"நாப்பத்தெட்டு பேருன்னு தலைப்புப் போட்டா எவன் மேடம் படிப்பான்? உங்க ஆய்வ ஊரே பேசுது, எங்களுக்கு நீங்க நன்றி சொல்லணும்"னேன். பதினாலு பள்ளிக்கூடமும் இனிமே உள்ள வராதேன்னுட்டாங்களாம். ஃபாரத்துல இருக்கற கையெழுத்த வெச்சு எவன் எவன்னு கண்டுபிடிச்சுக் குடுன்னு ரெண்டு ஹெட்மாஸ்டர் கேட்டாங்களாம். "நான் அந்தப் பிள்ளைங்களுக்கு வாக்குக் குடுத்திருந்தேன் சார்"னு சொல்லிட்டுக் கண்ணத் தொடைக்குது. படிச்ச பொம்பள, இவ்வளவு பெரிய உத்தியோகம், ஒரு தலைப்புக்கு அழுவுது. எனக்கு எரிச்சலா வந்துச்சு.

கடைசியா ஒரு தாள எடுத்து மேசையில வெச்சுச்சு. ஜெராக்ஸ். பேனாவால ஒரு பாராவச் சுத்தி வட்டம் போட்டிருக்கு. "நீங்க வெட்டின கடைசி பாரா இதுதான்னு தமயந்தி சொன்னா. இதுக்காகத்தான் நான் ரெண்டு வருஷம் அலைஞ்சேன். அச்சுல போட வேண்டாம். நீங்களாவது ஒரு தடவை படிங்க"ன்னுச்சு. நான் வெச்சுட்டுப் போங்க மேடம்னேன். பதினோராம் பக்கத்துல ராசிபலனுக்குக் கீழ ரெண்டு வரி திருத்தம் போட்டோம். போதாதா? அதப் படிச்சவங்க ரெண்டு பேருதான் இருப்பாங்க. ஒண்ணு அந்த டாக்டரம்மா, இன்னொண்ணு தமயந்தி. அந்தப் பொண்ணும் அடுத்த மாசமே வேலைய விட்டுட்டா. இந்தத் தொழிலுக்கு அதெல்லாம் தாங்காது.

தொட்டியம் தாண்டிட்டோமா? வாழைத் தோட்டமா வருதே. சரி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். மேடையில பேசறதுக்கு ஒரு பக்கம் எழுதி வெச்சிருக்கேன். படிச்சுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க. வெளியாளு சொன்னாத்தான் சரியா இருக்கும். "அன்பார்ந்த மாணவச் செல்வங்களே, மூன்றில் ஒருவன் என்று நான் எழுதியபோது தமிழகமே திடுக்கிட்டது"ன்னு ஆரம்பிக்குது. கையெழுத்து புரியுதா? நிதானமாப் படிங்க.

நீங்க படிக்கறதுக்குள்ள ஒண்ணு சொல்லிடறேன். எழுத்துக்கு என்ன சக்தின்னு நான் என் வீட்டுலயே பாத்தேன். காலாண்டு லீவுக்கு நன்மாறன் வந்திருந்தான். ஞாயித்துக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டுட்டு நான் பேப்பரைப் பாத்துட்டு இருக்கேன். பய வந்து பக்கத்துல உக்காந்தான். உக்கார மாட்டான் சாதாரணமா. "அப்பா, மூணுல ஒருத்தன்னு போட்டது நெஜமாப்பா? எங்க ரூம்ல பன்னெண்டு பேரு. அப்ப நாலு பேருன்னு ஆவுதே, அப்படியெல்லாம் இல்லப்பா"ன்னான். உனக்கு என்னடா தெரியும், ஆய்வுடா அதுன்னேன். வெரல்ல நெகத்தக் கடிச்சுக்கிட்டே இருந்தான். அப்புறம், "அப்பா, ஒருத்தன் இருக்கான். சும்மா ஒரே ஒரு தடவை இழுத்துப் பாத்துட்டான். இப்ப அத விடணும்னு நெனைக்கறான். அவன் யாருகிட்டப்பா சொல்லணும்?"னு கேட்டான்.

நான் பேப்பரைக்கூடக் கீழ வெக்கல. "யாருகிட்டயும் சொல்ல வேண்டாம். டி.சி.யக் கிழிச்சுக் கையில குடுத்தாத் தானா சொல்லுவான்"னேன். பய மூஞ்சி வெளுத்துப் போச்சு. சரிப்பான்னு எழுந்து போயிட்டான். சுகந்தி சமையக்கட்டுலேருந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்கா போல, "புள்ளை என்னமோ சொல்ல வந்தானே, கேட்டிருக்கலாம்ல"ன்னா. ஒரு அப்பன் சொல்ற வார்த்தைக்குப் புள்ளை பயப்படறான்னா அதவிட என்ன வேணும்? அதையும் பேச்சுல சேத்திருக்கேன், கடைசியில வரும் பாருங்க.

என்ன சார் திருப்பிப் பாக்கறீங்க? பின்பக்கம் ஒண்ணும் இல்ல, அது பழைய தாள். ஒரு பக்கம் அச்சடிச்ச தாள்தான் டெஸ்க்குல எங்களுக்கு எழுதறதுக்கு. முழு வெள்ளைத் தாள்ல எழுதினாக் கை வராது. கையில கெடச்சத எடுத்து எழுதினேன். வட்டம் போட்டிருக்கா? அட, அது அந்த டாக்டரம்மா தாளு. பாருங்க, கடைசியில ஒரு உபயோகத்துக்கு வந்துருச்சு.

இருங்க, போன் அடிக்குது. பள்ளிக்கூடம்தான். விழா பத்தரைக்கோ என்னமோ.

ஹலோ, தணிகைவேல்தான் பேசறேன். வந்துட்டே இருக்கேங்க, அடுத்த ஸ்டாப்புதான். யாரு, வார்டனா? சொல்லுங்க. என்ன சாமான்? எந்தப் பையன் சாமான்? நன்மாறன் சாமான் எதுக்கு வெளிய... இல்லைங்க, எனக்குச் சரியாக் கேக்கல, பஸ் சத்தம். மறுபடி சொல்லுங்க. ம். ம். எப்போ? யாரு பாத்தா? ம். அழுவறானா? என்ன சொல்லி அழுவறான்? ம். ஒரே ஒரு சான்சு குடுக்கக் கூடாதாங்க? ம். அது நான் எழுதினதுதான். ஆமா, கட்டத்துல இருக்கறது நான் எழுதினதுதான். சரி. வர்றேன். வந்து போடறேன் கையெழுத்து.

தண்ணி இருக்கா சார்? கொஞ்சம் குடுங்க.

ஒண்ணும் இல்ல. வார்டன். ஒரு மாசத்துக்கு முன்னாடி அவன பாத்ரூம் பக்கத்துல வேப்போட புடிச்சாங்களாம், எச்சரிக்கை பண்ணினாங்களாம். அதுக்கு ஒரு லெட்டர் வந்துச்சாம் வீட்டுக்கு. சுகந்தி வாங்கி வெச்சிருக்கா, எங்கிட்டச் சொல்லல. எங்கிட்டச் சொல்ல அவளுக்குப் பயம். முந்தாநாள் மறுபடியும் புடிச்சிருக்காங்க. கேட்டேன், ஒரே ஒரு சான்சு குடுக்கக் கூடாதான்னு. அதுக்கு அந்த வார்டன் சொல்றான், "மொதல் தடவையே அனுப்பணும்னு நீங்களே எழுதியிருக்கீங்க சார், நாங்க உங்க பையன்னு பாத்துதான் ஒரு தடவை விட்டோம்"ங்கறான். மரியாதையாத்தான் சொன்னான். டி.சி. எழுதி ரெடியா வெச்சிருக்காங்க. நான் போயி கையெழுத்துப் போடணும். அதுக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க.

எவனாவது கூட்டாளி கெடுத்திருப்பான் சார். நம்ம புள்ளை அப்படிக் கெடையாது. நாப்பத்தெட்டு பேர்ல ஒருத்தன்கூட... இல்ல, அது திருச்சிப் பள்ளிக்கூடம். இது வேற.

பரீட்சைக்கு நாலு மாசம்தான் சார் இருக்கு. இந்த நேரத்துல எந்தப் பள்ளிக்கூடத்துல சேப்பான்? டி.சி.யில காரணம் போடுவாங்க. என்ன காரணம் போடுவாங்க? அதப் பாத்தா எவன் உள்ள விடுவான்? நான் எழுதினத எல்லாப் பள்ளிக்கூடத்துலயும்ல ஒட்டி வெச்சிருக்கான்.

சார், அந்தத் தாள்ல வட்டம் போட்டிருக்கே. அதப் படிச்சீங்களா? படிச்சுட்டீங்க, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. எனக்குக் கண்ணாடி பைக்கு அடியில எங்கயோ கெடக்கு. நீங்களே வாய்விட்டுப் படிங்க. ஸ்டாப் வர்றதுக்குள்ள. நாலு வரிதானே.

ம். "ஒருமுறை பயன்படுத்திவிட்டு நிறுத்திய முப்பத்திரண்டு பேரில் இருபத்தேழு பேர், வீட்டில் ஒருவரிடம் அதைச் சொன்னதாகவும், அவர் கோபப்படாமல் கேட்டதாகவும் எழுதியிருந்தனர்." சரி. மேல. "நிறுத்தாத பதினாறு பேரில் பதினொருவர்..." மெதுவாப் படிங்க சார். "பதினொருவர், வீட்டில் சொல்ல வாயெடுத்ததாகவும், கேட்க யாரும் தயாராக இல்லை என்றும் எழுதியிருந்தனர்."

வாயெடுத்ததாகவும்னா போட்டிருக்கு? இன்னொரு தடவை பாருங்க.

அதோ. அங்க பாருங்க, அந்த ஆர்ச்சுக்குக் கீழ. நீலப் பெட்டி, மேல படுக்கை, கையில பக்கெட்டு. அந்தப் பக்கெட்ட நான்தான் வாங்கிக் குடுத்தேன், பேரு எழுதினதும் நான்தான். எவ்வளவு எளச்சுட்டான். பஸ்ஸுக்குத்தான் காத்துக்கிட்டு நிக்கறான், ஆனா நிமிந்து பாக்கல.

எறங்கணும் கண்டக்டர், கொஞ்சம் இருங்க, விசில் குடுத்துடாதீங்க. சார், அந்தத் தாளக் குடுங்க. பேச்சு கெடக்கட்டும், பின்பக்கம் வேணும்.

அன்னிக்கி ஒருத்தன் இருக்கான்பான்னுதான் சொன்னான் சார். யாருடா அந்த ஒருத்தன்னு நான் கேக்கல.